மன்னிக்க வல்ல கடவுளுக்குச் சிலுவை ஏன் தேவைப்பட்டது?

வகுப்பாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் திருச்சபையில் திடப்படுத்தலுக்கு, அதாவது தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்குக்கு, ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு நான் வகுப்பெடுக்கிறேன். சென்ற வாரம் இயேசுவின் பாடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது 13 வயது மாணவி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். நான் சொன்ன பதில் அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் கேட்டது இதுதான்: "நான் பெரிய தவறு செய்தால் அப்பா இரண்டு மூன்று நாள் என்னோடு பேசமாட்டார். பிறகு அவரே கூப்பிட்டு மன்னித்துவிடுவார். என்னை மன்னிப்பதற்காக அவர் ஒருநாளும் என் தம்பியைப் பிடித்து அடித்ததில்லை. கடவுள் மட்டும் நம்மை மன்னிப்பதற்குத் தம் மகன் சாக வேண்டும் என்று ஏன் கேட்டார்?"

பாவத்தின் சம்பளம் மரணம் என்ற வசனத்தைச் சொல்லி, நாம் செலுத்த முடியாத கடனை இயேசு நமக்காகச் செலுத்தினார் என்று, எனக்குச் சிறுவயதில் சொல்லித்தந்தபடியே விளக்கினேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "கடனை வேறொருவர் முழுவதும் கட்டிவிட்டால், கொடுத்தவருக்கு வரவேண்டியது வந்துவிட்டது. அதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது?" என்றாள். வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. அடுத்த வாரம் பேசுவோம் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவளுடைய கேள்வி வேதத்துக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றியது. கெட்ட குமாரன் உவமையில் தகப்பன் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்வதற்கு முன் எந்தப் பலியும் கேட்கவில்லை. திமிர்வாதக்காரனிடம் "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்று இயேசு சொன்னபோது சிலுவை இன்னும் நடக்கவேயில்லை. அப்படியானால் சிலுவை எதைச் செய்தது? என் விசுவாசம் ஆட்டங்காணவில்லை. ஆனால் நான் விசுவாசிப்பது இன்னதென்று ஒரு பிள்ளைக்குச் சொல்லத் தெரியாத நிலை என்னை உறுத்துகிறது. அறிந்தவர்கள் பொறுமையாக விளக்குங்கள். எந்தச் சபைப் பிரிவிலிருந்து எழுதினாலும் கேட்டுக்கொள்வேன்.

நெடுவழி:

சகோதரி, முதலில் அந்தப் பிள்ளையிடம் அவளுடைய கேள்வி சரியான கேள்வி என்று சொல்லுங்கள். கடன் தீர்க்கப்பட்டால் அது மன்னிப்பாகாது என்ற வாதத்தை 16ஆம் நூற்றாண்டில் சோசினுஸ் என்ற இத்தாலிய அறிஞர் பெரிய நூலாகவே எழுதி, சீர்திருத்தச் சபைகளின் போதனையை எதிர்த்தார். அந்த வாதத்துக்கு மறுமொழி எழுத எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். எனவே வகுப்பில் ஒரு நிமிடத்தில் பதில் வராததற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

நாம் வகுப்புகளில் சொல்லும் கடன் விளக்கத்தின் வேர் கான்டர்பரி பேராயராக இருந்த அன்செல்ம் 1098இல் முடித்த நூலில் இருக்கிறது. மனிதன் கடவுளுக்குச் செலுத்தவேண்டியதைச் செலுத்தாமல் விட்டதே பாவம். அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் மனிதன், ஈடுசெய்ய வல்லவர் கடவுள் மட்டுமே. ஆகவே கடவுளே மனிதனாக வரவேண்டியதாயிற்று என்பது அவருடைய வாதம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அன்செல்ம் தண்டனை என்று சொல்லவில்லை. தண்டனை அல்லது ஈடு, இரண்டில் ஒன்று என்று பிரித்து, கிறிஸ்து கொடுத்தது ஈடு என்றார். கிறிஸ்து நம்முடைய தண்டனையையே சுமந்தார் என்று நீதிமன்ற மொழியில் அழுத்திச் சொன்னவர் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதியான கால்வின். நான் கால்வினின் மரபில் வளர்ந்தவன். அந்த மொழியை இன்றும் விட்டுவிடவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது ஒரு பெரிய தவறு நேர்ந்துவிடுகிறது. அந்தத் தவறைத்தான் உங்கள் மாணவி சரியாகப் பிடித்திருக்கிறாள்.

அவள் மனத்திலுள்ள காட்சியில் மூன்று பேர் இருக்கிறார்கள்: கோபமுள்ள தகப்பன், குற்றம் செய்த மகள், ஒன்றும் அறியாத தம்பி. அப்படி மூன்று பேர் இருந்தால் அது அநியாயந்தான். அதை நியாயம் என்று எந்த இறையியலாலும் ஆக்க முடியாது. ஆனால் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, விசுவாசிக்கும் சபை சிலுவையில் மூன்றாம் ஆள் ஒருவரைப் பார்த்ததில்லை. "தேவன் உலகத்தாருடைய பாவங்களை எண்ணாமல், கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 5:19). ஒப்புரவாக்குகிறவர் எங்கோ மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கிறிஸ்துவுக்குள் இருந்தார். யோவான் சுவிசேஷத்தில் இயேசு தம் ஜீவனைக் குறித்து, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்கிறார். குற்றத்தால் காயப்பட்டவரே அதன் சுமையை ஏற்றுக்கொள்கிறார்; இழுத்துவரப்பட்டு அடிபடும் தம்பி அங்கே இல்லை.

இனி அவளுடைய அப்பாவிடம் திரும்புங்கள். அவர் பேசாமல் இருந்த அந்த இரண்டு மூன்று நாளில் என்ன நடந்தது என்று அவளைக் கேளுங்கள். அவர் மகளை அடிக்கவில்லை, தம்பியையும் அடிக்கவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா? மகள் உடைத்ததன் வலியை அவர் யார்மீதும் இறக்கிவைக்காமல் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் என்னைப் பற்றிப் பொய் பரப்பி என் பெயரைக் கெடுத்துவிட்டார் என்றும், நான் அவரை மன்னித்துவிட்டேன் என்றும் வைத்துக்கொள்வோம். கெட்ட பெயர் அதனால் மறைந்துவிடாது. அதை இனி அவர் தலையில் கட்டாமல் நானே சுமப்பேன் என்பதுதான் என் மன்னிப்பு. கடன் கொடுத்தவர் தள்ளுபடி செய்தாலும் அப்படியே. இழப்பு காற்றில் கரைவதில்லை, கொடுத்தவர் கணக்கில் ஏறுகிறது. மகளிடம் கேட்டு வாங்காததை அந்தத் தகப்பன் தாமே இழந்தார். அப்படிப் பார்த்தால் "மன்னிப்பு எங்கே இருக்கிறது" என்று அவள் கேட்ட கேள்விக்கு, சிலுவையில்தான் இருக்கிறது என்று பதில் சொல்லலாம்.

பழஞ்சுவடி:

நண்பர் நெடுவழி அவர்கள் சொன்னதில் மூன்றாம் ஆள் இல்லை என்ற பகுதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நான் கத்தோலிக்க மரபைச் சேர்ந்தவன். எங்கள் மறைக்கல்வியிலும் இதைத்தான் முதலில் திருத்த வேண்டியிருக்கிறது. ஆனால் கடன், தண்டனை ஆகிய இரண்டு உருவகங்களுக்குள் மட்டும் நின்றால், புதிய ஏற்பாடு சிலுவைக்குப் பயன்படுத்தும் மற்ற சொற்கள் காதில் விழாமலேயே போய்விடும். ஆசிரியை என்பதால் உங்களுக்குச் சொற்கள் உதவும் என்று நினைத்து, சற்று நீளமாக எழுதுகிறேன்.

பலி என்றவுடன் நமக்கு ஒரு விலங்கு நமக்குப் பதிலாகத் தண்டிக்கப்படுகிறது என்ற எண்ணம் வருகிறது. பலிகளின் முறைகளைச் சொல்லும் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமத்தை வாசித்தால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை. 16ஆம் அதிகாரத்தில் பாவநிவாரண நாளன்று இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் நிறுத்தப்படுகின்றன. மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு எந்தக் கடாவின் தலைமேல் சுமத்துகிறார்களோ அந்தக் கடா கொல்லப்படுவதில்லை. உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. கொல்லப்படும் கடாவின்மேல் பாவம் சுமத்தப்படுவதில்லை; அதன் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைத் தூய்மைப்படுத்தத் தெளிக்கப்படுகிறது. ஏன் இரத்தம் என்றால், உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்று அடுத்த அதிகாரமே காரணம் சொல்கிறது. சாவால் கறைபட்ட இடத்தை உயிர் கழுவுகிறது. இன்னும் ஒன்று: 5ஆம் அதிகாரத்தில், ஆட்டுக்கோ புறாவுக்கோ வழியில்லாத ஏழை ஒரு எப்பாவில் (எப்பா என்பது பழைய தானிய அளவு) பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவரலாம் என்றிருக்கிறது. மாவை யாரும் தண்டிக்க முடியாது. "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்ற எபிரெயர் நிருப வசனத்தை நாம் தனியாக எடுத்துச் சொல்கிறோம். ஆனால் அதே வசனம் "கொஞ்சங்குறைய எல்லாம்" இரத்தத்தினால் சுத்திகரிக்கப்படும் என்று தொடங்குகிறது. அந்தக் கொஞ்சங்குறையில் அந்த ஏழையின் மாவும் இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அடுத்து ரோமர் 3:25. கிரேக்க மூலத்தில் ஹிலாஸ்தேரியோன் என்ற சொல் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகமத்தில் அது கிருபாதாரபலி. ஆனால் அதே சொல் எபிரெயர் 9:5இல் வரும்போது, அதே தமிழ் வேதாகமம் அதைக் கிருபாசனம் என்கிறது; உடன்படிக்கைப் பெட்டியின் மேலிருந்த மூடிக்கு, கடவுள் மோசேயைச் சந்திப்பேன் என்று சொன்ன இடத்துக்குப் பெயர் அது. ரோமரிலும் அப்படி வாசித்துப் பாருங்கள்: கடவுள் இயேசுவைச் சந்திப்பின் இடமாக எல்லாருக்கும் முன்பாக வைத்தார் என்று வரும். அறிஞர்கள் இரு பொருளுக்கும் வாதாடுகிறார்கள். எப்படி வாசித்தாலும் வினைக்கு உரியவர் கடவுளே. கடவுளைச் சாந்தப்படுத்த மனிதர் கொண்டுவந்த பலியாகப் பவுல் அதைச் சொல்லவில்லை.

எங்கள் திருவிவிலியத்தில் இதற்குக் கழுவாய் என்ற சொல்லை எடுத்திருக்கிறார்கள். அது கழுவுதலிலிருந்து பிறந்த பழைய சொல். புறநானூற்றில் புலவர் ஆலத்தூர் கிழார் அதைப் பயன்படுத்துகிறார். கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்தி இல்லை என்று அறம் பாடியதாக அந்தப் பாடல் சொல்கிறது. நன்மை செய்தவரையே கொல்வதைவிட நன்றிகொன்ற செயல் வேறு ஏது? நோயாளிகளைக் குணமாக்கிய கைகளில் ஆணி அடித்தார்கள். அப்படி அடித்தவர்களைக் குறித்துத்தான் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற சொல் எழுந்தது. கழுவாயே இல்லை என்று அறம் கைவிட்ட இடத்திலும் கழுவாய் உண்டு என்பது நற்செய்தி. இந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் அதையும் எண்ணியிருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் ஆசைப்படுவதுண்டு.

பிறகு மீட்பு. "அநேகரை மீட்கும்பொருளாக" என்று மாற்கு 10:45 சொல்கிறது. அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் விலை அது. யாரிடம் கொடுக்கப்பட்டது என்று கேட்டவர்களுள், சாத்தானிடம் என்று சொன்னவர் 3ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகன். 4ஆம் நூற்றாண்டில் நசியான்சுஸ் கிரகோரியார் அதை வெட்கக்கேடு என்று தள்ளினார். கொள்ளையனுக்குக் கடவுளே விலையாவதா என்று கேட்டார். பிதாவிடம் என்றால், ஈசாக்கின் பலியையே ஏற்காதவர் தம் மகனின் இரத்தத்தில் மகிழ்வாரா என்றும் கேட்டார். உருவகத்தை அது செல்லும் தூரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதை அவரிடம் கற்கலாம். இயேசு பாவநிவாரண நாளில் மரிக்கவில்லை, பஸ்காவில் மரித்தார் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். எகிப்திலிருந்து வெளியேறிய இரவை நினைக்கும் விழா அது. கட்டவிழ்ப்பும் சிலுவையின் பொருளுக்குள் அடங்கும். கீழைத் திருச்சபைகள் இன்றுவரை அதைத்தான் உயர்த்திப் பாடுகின்றன, சாவைச் சாவால் மிதித்தார் என்று.

"நமக்காக" என்ற ஒரு சொல்லோடு 381ஆம் ஆண்டின் விசுவாச அறிக்கை நின்றுவிடுகிறது. எவ்வாறு நமக்காக என்பதற்கு ஒரே விளக்கத்தை, ஆயர்கள் கூடிப் போதனைகளை முடிவுசெய்த அனைத்துலகச் சங்கம் எதுவும் வரையறுக்கவில்லை. கிறிஸ்துவின் இயல்பைப் பற்றி எழுத்துக்கு எழுத்து வாதாடியவர்கள், இதை மட்டும் ஒரே வாய்பாட்டுக்குள் அடைக்காமல் விட்டார்கள்.

மௌனசாட்சி:

இதுவரை எழுதியவர்கள் சாவின் பொருளைப் பேசினார்கள். எந்தச் சாவு என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும் என்று நினைக்கிறேன். உயிர் கொடுத்தல் மட்டுமே தேவையாக இருந்திருந்தால் இயேசு காய்ச்சலிலும் மரித்திருக்கலாம். பிலிப்பியர் நிருபம் மரணபரியந்தம் என்று சொல்லி நிறுத்தாமல் "சிலுவையின் மரணபரியந்தமும்" என்று ஏன் சேர்க்கிறது?

ரோமப் பேரரசில் சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகம் ஒடுக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலை நெடுகிலும் 6,000 பேர் சிலுவைகளில் அறையப்பட்டார்கள். கொல்வதைவிடக் காட்டுவதே அதன் நோக்கம். ஆடையில்லாமல், வழிப்போக்கர் பார்க்கும்படி, நாள்கணக்கில் தொங்கவிட்டு, இவன் மனிதனே அல்ல என்று ஊரறியச் சொல்லுவது. சிலுவை என்ற சொல்லே ரோமக் குடிமகனின் கண்ணையும் காதையும் எண்ணத்தையும் அணுகக் கூடாது என்று கி.மு. 63இல் ஒரு வழக்கில் ரோமப் பேச்சாளர் சிசரோ வாதாடினார். 1968இல் எருசலேமின் வடகிழக்கே ஒரு கல்லறையில் கிடைத்த எலும்புப் பேழையில், குதிகால் எலும்பு ஒன்றில் இரும்பு ஆணி இன்னும் செருகியபடியே இருந்தது. ஆயிரக்கணக்கானோர் அப்படிக் கொல்லப்பட்டும் நமக்கு நேரடிச் சான்றாகக் கிடைத்தவை மிகச் சிலவே. பெரும்பாலோருக்குக் கல்லறைகூடக் கிடைக்கவில்லை என்பதால் அதில் வியப்பில்லை.

யூதருக்கு இன்னொரு கல் தடையாக இருந்தது. மரத்திலே தொங்கவிடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21 சொல்கிறது. ஆகவே மேசியா சிலுவையில் மரித்தார் என்ற அறிவிப்பு ஒருபுறம் தெய்வநிந்தையாகவும் மறுபுறம் பைத்தியமாகவும் கேட்டது. ரோமின் பலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுக்கப்பட்ட சுவர்க்கிறுக்கல் ஒன்றைப் பாருங்கள். கழுதைத் தலையுள்ள ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று கிரேக்கத்தில் கீறியிருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 200ஐச் சேர்ந்த அது, சிலுவைக் காட்சியின் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று. யாரோ ஓர் இளைஞனை அவனோடு இருந்தவர்கள் கேலி செய்து கீறியது. கிறிஸ்தவர்களே அந்தக் காட்சியை வரையத் துணியாத காலம் அது.

எனவே சிலுவை என்ற சொல் கிறிஸ்தவ விசுவாசத்தில் முதலில் தருவது கடவுள் எங்கே இருக்கிறார் என்பதற்கான மறுமொழி என்று நான் எண்ணுகிறேன். உலகம் யாரை மனிதனே அல்ல என்று வெளியே தள்ளியதோ அவர்களோடு கடவுள் தம்மை ஒன்றாக்கிக்கொண்டார். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கதறல் 22ஆம் சங்கீதத்தின் முதல் அடி. அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது என்பது உண்மை. ஆனால் முடிவு தெரியும் என்பதற்காக முதல் அடியின் வேதனையைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் உலகப்போரில் சிறைப்பட்டிருந்த காலத்தில் விசுவாசத்துக்கு வந்த ஜெர்மானிய இறையியலாளர் மோல்ட்மன், 1972இல் சிலுவையிலறையப்பட்ட கடவுளைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கதறலை மையத்தில் வைத்தார். கைவிடப்பட்டவரின் கதறலைக் கடவுள் வெளியிலிருந்து கேட்கவில்லை, அதை உள்ளிருந்தே அறிந்தார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வகுப்பில் யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள் என்ற வாக்கியம் ஒருபோதும் வரக் கூடாது. அந்த வாக்கியம் பல நூற்றாண்டுகளாக எத்தனை உயிர்களைப் பறித்தது என்பது வரலாறு. அந்தப் பழியை யூத மக்கள் எல்லார்மேலும் சுமத்தக் கூடாது என்று 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாக அறிவித்தது. விசுவாச அறிக்கையில் பெயர் சொல்லப்படும் அதிகாரி பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநர் ஒருவரே.

வகுப்பாசிரியை:

ஐயாமாருக்கு மிக்க நன்றி. பேசாமல் இருந்த இரண்டு மூன்று நாளைப் பற்றி வாசித்தபோது, அந்தப் பிள்ளை பதிலைத் தன் கேள்விக்குள்ளேயே வைத்திருந்தாளே என்று தோன்றியது.

இதையொட்டி எனக்குள் ஒரு கலக்கமும் எழுகிறது. மன்னிப்பவர் சுமக்கிறார் என்று பிள்ளைகளிடம் சொன்னால், அடிபடுகிறவர்கள் பேசாமல் சுமக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? வீட்டில் துன்புறும் பெண்களிடம் "உன் சிலுவையை நீ சுமந்துதான் ஆகவேண்டும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொன்னவர்கள் கெட்ட மனிதர்கள் அல்ல. ஆனால் அதைக் கேட்ட பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஊற்றுக்கண்:

இந்தக் கேள்விக்காகவே எழுத வந்தேன், சகோதரி. அந்த வாக்கியத்தைக் கேட்ட பெண்களில் நானும் ஒருத்தி. என் திருமண வாழ்வில் அடியும் வசையும் இருந்த ஆண்டுகளில், நான் மதித்த மூத்தவர் ஒருவர் அதை என்னிடம் சொன்னார். நான் அதை வேதவாக்காகவே நம்பி ஆறு ஆண்டுகள் வாய்திறக்கவில்லை. பிறகு நானே சுவிசேஷங்களை முதலிலிருந்து வாசித்தபோது அங்கே இருந்த இயேசு வேறொருவராக இருந்தார்.

மலையின் விளிம்பிலிருந்து தள்ள வந்தவர்கள் நடுவிலிருந்து அவர் கடந்துபோய்விட்டார். கல்லெறிய வந்தபோது மறைந்துகொண்டு ஆலயத்தைவிட்டு வெளியேறினார். பிரதான ஆசாரியனின் முன்னிலையில் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது அவர் மௌனமாக இருக்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று நேருக்கு நேர் கேட்டார். தப்பிச்செல்ல வேண்டிய இடத்தில் தப்பிச்சென்றவர் ஒருநாள் தாமாகவே எருசலேமுக்கு முகத்தைத் திருப்பினார். கொடுக்கிறவர் அவரே, பிடுங்கப்படுகிறவர் அல்ல. ஒருவர் கையிலிருந்து வாழ்வைப் பிடுங்கிக்கொண்டு அதற்குச் சிலுவை என்று பெயர் வைப்பது பிலாத்துவின் வேலை. அதைச் சீஷத்துவம் என்று அழைக்க முடியாது. தம் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்ற அழைப்பு, அவரைப் பின்பற்றுவதால் வரும் விலையைச் சொல்கிறது. அவரைப் பின்பற்றாத ஒருவன் என்மேல் ஓங்கிய கையைச் சொல்லவில்லை.

நான் அந்த வீட்டைவிட்டு வந்தேன். மன்னித்தேனா என்று கேட்டால், நெடுவழி ஐயா சொன்ன பொருளில் மன்னித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வேன். அந்த ஆண்டுகளின் இழப்பை இனி யாரிடமும் கேட்டு வாங்கப் போவதில்லை. ஆனால் வெளியே வந்து, பாதுகாப்பாக நின்று, நடந்தது தவறு என்று பெயரிட்ட பிறகுதான் அது என்னால் கூடியது. அடி தொடர்ந்துகொண்டிருந்த காலத்தில் நான் செய்தது மன்னிப்பு அல்ல, பயம். தயவுசெய்து பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். அந்த வகுப்பில் எந்த வீட்டிலிருந்து எந்தப் பிள்ளை வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

நெடுவழி:

சகோதரி ஊற்றுக்கண், நான் எழுதியதில் விட்டுப்போனதை நீங்கள் நிரப்பியிருக்கிறீர்கள். தீமைக்குத் தீமை என்று பெயரிடாமல் மன்னிக்க முடியாது என்பதைச் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். தேவகோபம் என்று வேதம் சொல்வதை நான் விட்டுக்கொடுக்க விரும்பாததற்கும் அதுவே காரணம். மேலே எழுதிய சிலருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. அவர்கள் தண்டனை உருவகத்தைச் சற்று அவசரமாகவே கடந்துபோகிறார்கள் என்பது என் மனத்தாங்கல். "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு" என்று ஏசாயா 53 சொல்வதை வேறெந்தச் சொல்லுக்குள்ளும் முழுவதும் அடக்க முடியாது. ஒரு பெண் அடிபடுவதைப் பார்த்துக் கோபம் கொள்ளாத கடவுளின் அன்பு எப்படிப்பட்ட அன்பு? ஆனால் அந்தக் கோபத்தைத் தணித்த பிறகுதான் அவர் அன்புகூரத் தொடங்கினார் என்று போதிப்பவர்கள் ரோமர் 5:8ஐ வாசிக்க வேண்டும். நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்ததினால் தேவன் தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார். அன்பு முன்னே நிற்கிறது. சிலுவை அதிலிருந்து வருகிறது.

பழஞ்சுவடி:

அதை ஏற்கிறேன், ஐயா. ஏசாயா 53ஐ நான் எடுக்காமல் விட்டது குறைதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கிறிஸ்து எழுந்திராவிட்டால் நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதுகிறார். சிலுவை ஒரு தொகையைச் செலுத்திய நிகழ்வு மட்டுமே என்றால், செலுத்திய அன்றே கணக்கு முடிந்திருக்கும். உயிர்த்தெழுதல் இல்லாவிட்டாலும் பாவம் தீர்ந்திருக்கும். பவுல் அப்படி நினைக்கவில்லை. வகுப்பில் வெள்ளிக்கிழமையைத் தனியாக நிறுத்திவிடாதீர்கள்.

வகுப்பாசிரியை:

இன்று வகுப்பு முடிந்தது. முதலில் எதையும் விளக்காமல் மாற்கு 15ஆம் அதிகாரத்தை ஒவ்வொருவரும் சில வசனங்களாக உரக்க வாசித்தோம். பிறகு அந்த மாணவியிடம், அப்பா பேசாமல் இருந்த நாள்களில் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவள் நெடுநேரம் யோசித்து, "அவர் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்" என்றாள். தம்பியைப் பற்றிய உவமையில் எது பொருந்தவில்லை என்று நான் சொல்வதற்கு முன்பே வேறொரு பையன், "இயேசு தம்பி இல்லை, அப்பாவே வந்த மாதிரி" என்றான். திரித்துவத்தை அவன் முழுவதும் சரியாகச் சொல்லவில்லை. பிதாவே சிலுவையில் மரித்தார் என்று பழைய சபை சொல்லவில்லை என்பதை அடுத்த வாரம் விளக்க வேண்டும். இருந்தாலும் இன்று அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

சகோதரி ஊற்றுக்கண் கேட்டுக்கொண்டபடி, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்ற வசனத்தையும் வாசித்து, வீட்டிலோ வெளியிலோ யாராவது உங்களை அடித்தால் அதைச் சொல்வது பாவமல்ல, இயேசுவே சொன்னார் என்றேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் என்னோடு பேச வேண்டும் என்று நின்றது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.